தோரியாமா செகியெனின் யோகாய் படநூல்கள்: எப்படிப் படிப்பது, எந்தக் கதையை நம்புவது?

கொடிமுல்லை

வணக்கம். ஜப்பானியப் பேய் பூதங்களை (யோகாய்) வரைந்த தோரியாமா செகியெனின் படங்கள் இணையத்தில் துண்டு துண்டாகத்தான் கிடைக்கின்றன. அவற்றை முழு நூலாக, அச்சிட்ட வரிசையிலேயே பார்க்க நினைக்கிறேன். நான்கு நூல் என்று ஓரிடத்திலும் பன்னிரண்டு என்று வேறிடத்திலும் இருக்கிறது. எது சரி?

இன்னொன்று: ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு கதை போடுகிறார்களே, அது செகியென் எழுதியதுதானா? நூராரிஹ்யோன் என்ற மொட்டைத் தலைக் கிழவரை எல்லாப் பக்கங்களிலும் "யோகாய்களின் தலைவன்" என்கிறார்கள். படத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

உரைகல்

இரண்டு எண்ணிக்கையும் சரிதான். தலைப்புகள் நான்கு, ஒவ்வொன்றும் மூன்று தொகுதி, ஆகப் பன்னிரண்டு மெல்லிய புத்தகங்கள்.

1776: காஸு ஹியாக்கி யாக்யோ. தொகுதிகளின் பெயர் இன், யோ, ஃபூ (நிழல், ஒளி, காற்று).
1779: கொன்ஜாக்கு காஸு ஸொக்கு ஹியாக்கி. மழை, இருள், வெளிச்சம்.
1781: கொன்ஜாக்கு ஹியாக்கி ஷூயி. மேகம், மூடுபனி, மழை.
1784: ஹியாக்கி ட்சுரெசுரெ புக்குரோ. இதற்கு மேல், நடு, கீழ் என்று மட்டும்.

"ஹியாக்கி" என்றால் நூறு பேய். எண்ணிப் பார்த்து நூறு இல்லையே என்று குழம்ப வேண்டாம். முதல் நூலில் ஏறத்தாழ ஐம்பதுதான் உண்டு. நூறு என்பது இங்கே "ஏராளம்" என்ற பொருளில் வருகிறது. நான்கு நூலையும் சேர்த்தால் இருநூறைத் தாண்டும்.

செகியென் (1712–1788) எடோ நகரத்துக்காரர், அதாவது இன்றைய டோக்கியோ. கானோ ஓவிய மரபில் பயின்றவர், புகழ்பெற்ற அச்சோவியர் உத்தமாரோவுக்கு ஆசிரியர். இந்தப் பின்னணி முக்கியம். கானோ பட்டறைகளில் பழைய சுருள் ஓவியங்களைப் பார்த்துப் படியெடுப்பதுதான் பயிற்சி. இவர் பேய்களில் பெரும்பங்கு அந்தப் படியெடுப்பின் வழியே வந்தவை.

தொடங்குவதானால் 1776 நூலிலிருந்து தொடங்குங்கள். நான்காவதை முதலில் எடுத்தால் ஒன்றும் பிடிபடாது. காரணத்தைப் பிறகு எழுதுகிறேன்.

மரக்கட்டை

வரிசையாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டதால், புத்தகம் கட்டப்பட்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இது புரியாமல் பக்க எண் குறித்தால் எல்லாமே ஒரு பக்கம் தள்ளிப்போகும்.

இவை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட நூல்கள். ஒரு தாளின் ஒரு முகத்தில் மட்டும்தான் அச்சு. அச்சான முகம் வெளியே இருக்கும்படி தாளை நடுவில் மடிப்பார்கள். மடிப்பு புத்தகத்தின் வெளி ஓரத்துக்கு வரும், வெட்டிய இரண்டு விளிம்பும் முதுகுப்பக்கம் சேர்ந்து நூலால் தைக்கப்படும். பெரும்பாலும் நான்கு துளைத் தையல். ஆகவே ஒவ்வொரு தாளும் உள்ளே வெற்றான ஒரு பை மாதிரி. புத்தகத்தின் அளவு சுமார் 22 செ.மீ. உயரம், 16 செ.மீ. அகலம்.

தாள் எண் அந்த மடிப்பிலேயே அச்சாகியிருக்கும். எண் தாளுக்குத்தான், பக்கத்துக்கு அல்ல. தாளின் முன்பாதியை "ஒமொத்தே", பின்பாதியை "உரா" என்பார்கள். மூன்றாம் தாள் முன், மூன்றாம் தாள் பின் என்றே குறிக்க வேண்டும்.

இப்போது புத்தகத்தை விரித்து வையுங்கள். வலமிருந்து இடமாகப் படிக்கிறோம். வலக்கைப் பக்கத்தில் இருப்பது மூன்றாம் தாளின் பின்பாதி, இடக்கைப் பக்கத்தில் இருப்பது நான்காம் தாளின் முன்பாதி. எதிரெதிரே இருந்தாலும் இரண்டும் ஒரே தாளில் அச்சானவை அல்ல. அதனால்தான் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே காட்சியாக வரும் இடங்களில் கோடுகள் நடுவில் பொருந்தாமல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகி நிற்கும், மையின் கறுப்பும் வேறுபடும். படத்தை ஒட்டிச் சீர்செய்கிறேன் என்று கணினியில் இழுத்துப் பொருத்துகிறவர்கள் பக்கச் சட்டத்தைக் கோணலாக்கிவிடுகிறார்கள். அந்த இடைவெளி நூலின் அமைப்பிலேயே உள்ளது. அதை அப்படியே விட வேண்டும்.

கொடிமுல்லை

மிகத் தெளிவு, நன்றி. இடமிருந்து வலமாகத் திருப்பிக் கொண்டிருந்தேன், அதனால்தான் முகவுரை கடைசியில் வந்திருக்கிறது.

நூராரிஹ்யோன்?

உரைகல்

அவர் முதல் நூலின் மூன்றாம் தொகுதியில், "காற்றில்" வருகிறார். அந்தத் தொகுதியில் இருப்பவர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: மிக்கோஷி, ஷோக்கெரா, ஹ்யோசுபே, வாய்ரா, ஒத்தொரொஷி, நூரிபொத்தொக்கே, நூரெஒன்னா, நூராரிஹ்யோன், ககோஸே, ஒஉனி, அவோபோஸு, அகஷித்தா, நுப்பெப்போ, உஷிஒனி, உவான். ஏறக்குறைய இவ்வளவு பேரும் பழைய சுருள்களில் வருகிறவர்கள். 1737இல் சவாக்கி சூஷி வரைந்த ஹியாக்கை ஸுகன் சுருளில் முப்பது உருவங்கள் உண்டு, இவர்களில் பெரும்பாலானோரை அங்கே காணலாம். செகியெனுக்கு 39 ஆண்டு முந்தியது அது.

அந்தச் சுருளில் உருவமும் பெயரும் மட்டுமே. கதை கிடையாது. செகியெனும் இந்தத் தொகுதியில் பெயரை எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் செய்தது வேறொன்று. சுருளில் வெறும் தாளில் தனியாக நின்ற உருவத்துக்குப் பின்னால் ஒரு இடத்தை வரைந்தார். நூராரிஹ்யோன் சுருளில் பெரிய தலையோடு சும்மா நிற்கும் கிழவர். செகியென் படத்தில் பல்லக்கிலிருந்து இறங்கி, இடுப்பில் வாளோடு ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். அவ்வளவுதான் 1776.

"தலைவன்" என்பது 1929இல் வந்தது. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஃபுஜிசாவா மொரிஹிக்கோ தம் யோகாய் படத் தொகுப்பில் இந்தப் படத்தை எடுத்துப் போட்டு, அந்தி சாயும் வேளையில் வந்து போகிற பேய்களின் பெரிய தலை என்ற பொருளில் ஒரு வரி எழுதினார். படத்தைப் பார்த்து எழுதிய வரி அது. பின்னால் வந்த சிறுவர் நூல்களும் மங்காக்களும் (ஜப்பானியப் படக்கதைகளும்) அந்த வரியைப் பெருக்கின: மாலையில் வீட்டுக்குள் நுழைந்து, உட்கார்ந்து தேநீர் குடித்து, வீட்டுக்காரரே தன்னை எசமான் என்று நம்பும்படி செய்வார் என்று.

ஆகவே உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

பனையோலை

உரைகல் சொல்வதில் தகவல் பிழை இல்லை. ஆனால் அந்தத் தொனியில் எனக்கு உடன்பாடில்லை. 1776க்குப் பின் சேர்ந்ததெல்லாம் போலி என்பது போல ஆகிவிடுகிறது. நாட்டார் கதை எப்போது நின்றது? சுருள் ஓவியர்களே யாரோ சொன்னதைக் கேட்டு வரைந்தவர்கள்தானே. 1929இல் ஒரு வரி சேர்ந்தது, அதை நூறு ஆண்டுகளாக மக்கள் சொல்கிறார்கள் என்றால் அதுவும் வழக்குதான். மங்கா ஓவியர் மிசுக்கி ஷிகெரு (1922–2015) இல்லாவிட்டால் இந்தப் பேய்களில் பாதியின் பெயர் இன்று ஜப்பானியக் குழந்தைகளுக்கே தெரிந்திருக்காது. சக்காய்மினாத்தோ ஊரில் அவர் பெயர் வைத்த தெருவில் யோகாய்களின் வெண்கலச் சிலைகள் 170க்கும் மேல் நிற்கின்றன. அதை "பிற்சேர்க்கை" என்று ஒதுக்க முடியுமா?

உரைகல்

ஒதுக்கச் சொல்லவில்லை, பனையோலை. எது எந்த ஆண்டில் சேர்ந்தது என்று எழுதி வையுங்கள் என்கிறேன். போலி என்ற சொல்லை நான் பயன்படுத்தவும் இல்லை.

ஆண்டு எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நூரிகாபே நல்ல உதாரணம். இதில் மூன்று வெவ்வேறு பொருட்கள் ஒரே பெயரில் நிற்கின்றன.

முதலாவது, வாய்மொழி. ஃபுக்குஒக்காவின் ஒங்கா பகுதிக் கடற்கரை வழக்கை நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் யனாகித்தா குனியோ பதிவு செய்தார். இரவில் நடந்து போகிறவன் முன்னால் திடீரென்று சுவர் நின்றுவிடும், அப்பால் போக முடியாது. கோலால் அடிப்பக்கத்தை வீசினால் மறையும், மேல்பக்கத்தை அடித்தால் பயனில்லை. இதில் உருவமே கிடையாது, தடை மட்டும்தான்.

இரண்டாவது, மிசுக்கி வரைந்த கை கால் முளைத்த சுவர். உருவமில்லாத ஒன்றுக்கு அவர் கொடுத்த உருவம். இன்று எல்லோர் மனத்திலும் இருப்பது இதுதான்.

மூன்றாவது, அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள பேய்ச் சுருளில் மூன்று கண்ணும் நாய் போன்ற உடலுமாக ஒரு வெள்ளை விலங்கு. அதன் பக்கத்தில் "நூரிகாபே" என்று எழுதியிருப்பது 2007இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதுவரை ஜப்பானில் இதே விலங்கு பெயரில்லாத உருவமாக மட்டுமே தெரிந்திருந்தது.

கடற்கரைச் சுவரும் சுருள் விலங்கும் ஒன்றுதானா என்பது பெயர் ஒன்று என்பதாலேயே முடிவாகிவிடாது. "நூரிகாபேயின் உண்மை உருவம் கண்டுபிடிப்பு" என்று தலைப்புப் போட்டவர்கள் இந்த மூன்றையும் ஒரே பானையில் கொட்டிவிட்டார்கள். பிறகு பிரிக்க முடியவில்லை.

நான் பின்பற்றும் முறை இது. ஒவ்வொரு பேய்க்கும் நான்கு கட்டம்: செகியெனுக்கு முன் சுருளிலோ வேறு நூலிலோ உண்டா, செகியென் படத்தில் என்ன இருக்கிறது, செகியென் எழுத்தில் என்ன இருக்கிறது, 1900க்குப் பின் யார் என்ன சேர்த்தார்கள். மூன்றாம் கட்டம் வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே விடுங்கள். நான்காவதிலிருந்து எடுத்து மூன்றாவதை நிரப்புவதுதான் இணையத்தில் நடக்கும் பெரிய பிழை.

பனையோலை

இந்த நான்கு கட்ட முறைக்கு நான் எதிரி இல்லை. நான்காம் கட்டத்துக்கும் மற்ற மூன்றைப் போலவே இடம் ஒதுக்குகிறீர்கள் என்றால் சரி.

சொல்வலை

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். செகியெனை அகராதிக்காரராக மட்டும் பார்த்தால் பாதிப் புத்தகம் கைநழுவும். முதல் நூலில் அவர் தொகுப்பவர். 1779இல் படத்துக்குள்ளேயே பரவலாக விளக்கம் எழுதத் தொடங்குகிறார். 1781, 1784இல் சொல்விளையாட்டுக்காரராகவே மாறிவிடுகிறார். சிலேடை ருசி தெரிந்த தமிழ் வாசகருக்கு இது எளிதில் பிடிக்கும்.

1779 நூலில் "ஒனி" பக்கத்தைப் பாருங்கள். கொம்பு, புலித்தோல் இடையாடை, கையில் இரை. மேலே எழுதியிருப்பதன் சாரம்: வடகிழக்குத் திசைக்குப் பேய்வாசல் என்று பெயர். திசைகளைப் பன்னிரு விலங்குகளால் குறிக்கும் முறையில் வடகிழக்கு என்பது எருதும் புலியும் சேர்ந்த இடம். அதனால்தான் ஒனிக்கு எருதின் கொம்பும் புலியின் தோலும். உருவத்துக்குக் காரணம் திசையின் பெயரிலேயே இருக்கிறது.

அதே நூலில் "ஹன்யா". நோ என்ற ஜப்பானிய முகமூடி நாடகத்தில் பொறாமையால் பேயான பெண்ணின் முகமூடிக்கு இந்தப் பெயர். ஆனால் ஹன்யா என்பது சமஸ்கிருதப் "பிரஜ்ஞா", நாம் பிரக்ஞை என்கிறோமே அதே சொல், பௌத்த சூத்திரங்கள் வழியே ஜப்பானுக்குப் போனது. ஞானம் என்ற பெயர் கோபக்காரப் பேய்க்கு எப்படி வந்தது? செகியென் அங்கேயே பதில் தருகிறார்: அவொய் நோ உவே நாடகத்தில் துறவி சூத்திரம் ஓதும்போது ரொக்குஜோ சீமாட்டியின் ஆவி "அந்த ஹன்யாக் குரல் அச்சமூட்டுகிறதே" என்று அலறும், அந்த வரியிலிருந்து பெயர் இடம் மாறியிருக்கலாம் என்று. படத்தை மட்டும் வெட்டிப் பகிர்கிறவர்கள் இந்த எழுத்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள்.

இனி 1781, "மொக்குமொக்குரென்". பாழடைந்த வீட்டின் கிழிந்த காகிதக் கதவு, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் கண்கள். இன்று சொல்லும் கதை: ஆளில்லாத வீட்டில் கதவு முழுக்கக் கண் முளைத்து ராத்தங்குகிறவனை வெறித்துப் பார்க்கும். செகியென் எழுதியது: யாரோ முன்பு குடியிருந்த வீட்டின் மூலை முடுக்கெல்லாம் இத்தனை கண்கள் இருக்கின்றனவே, கோ என்ற பலகை விளையாட்டு ஆடுகிறவன் வாழ்ந்த இடமோ? கோ பலகையில் கோடுகள் வெட்டும் புள்ளிக்கும் "மே" என்றுதான் பெயர், கண்ணுக்கும் "மே". காகிதக் கதவின் கட்டங்கள் கோ பலகை போலவே இருக்கின்றன. இப்போது படத்தை மறுபடி பாருங்கள். பயம் குறைந்து அழகு கூடும்.

கொடிமுல்லை

இது எனக்குப் பெரிய திறப்பு. நான்காவது நூலை முதலில் எடுக்காதே என்றது இதனால்தானா?

சொல்வலை

ஆம். "ட்சுரெசுரெ புக்குரோ" என்ற தலைப்பே பதினான்காம் நூற்றாண்டில் துறவி கென்கோ எழுதிய ட்சுரெசுரெகுசா என்ற கட்டுரை நூலை நினைவூட்ட வைத்தது. அதன் 72ஆம் பகுதியில், மிகுதியாக இருந்தாலும் பார்க்கக் கூசாதவை இரண்டு என்று வரும்: நூல்வண்டியில் உள்ள நூல்கள், குப்பைமேட்டில் உள்ள குப்பை. செகியெனின் நூலில் குப்பைமேட்டு அரசன் ஒருவன் (சிரிஸுக்கா கையோ), நூல்வண்டிப் பேயரசி ஒருத்தி (ஃபுகுருமா யோஹி). இருவரும் அந்த ஒரே வாக்கியத்திலிருந்து எழுந்தவர்கள்.

"தென்ஜோநாமே" என்று கூரையை நக்கும் பேய் ஒன்றும் அங்கே உண்டு. உயர்ந்த கூரையுள்ள அறை குளிர்காலத்தில் குளிரும், விளக்கொளி மங்கும் என்பது ட்சுரெசுரெகுசாவின் 55ஆம் பகுதி. செகியென் அதைக் குறிப்பிட்டு, அந்த மங்கலுக்கும் குளிருக்கும் இந்தப் பேய்தான் காரணமோ என்று முடிக்கிறார். மூல வரி தெரியாதவருக்கு நீண்ட நாக்குள்ள ஒரு பேய் மட்டும்தான் தெரியும்.

அந்த நூலில் பழம்பொருட்கள் உயிர்பெறும் வகை (ட்சுக்குமோகாமி) நிறைய. பீங்கான் கலங்களே கவசமான செத்தோ தைஷோ, வீணை போன்ற பிவா, கிழிந்த மெத்தை, துடைப்பம். ஒரு சிறு எச்சரிக்கை: ஒற்றைக் கண், ஒற்றைக் கால், நாக்கு நீட்டிய குடைப்பேயை செகியென் பெயரில் போடுகிறார்கள். அவர் வரைந்தது "ஹொனே கரகாசா", எலும்புபோலக் கம்பிகள் தெரிய வானில் பறக்கும் கிழிந்த குடை. ஒற்றைக்கால் குடை அவருடையது அல்ல.

பனையோலை

எல்லாவற்றையும் சிலேடையாக்கும் ஆபத்தும் உண்டு, சொல்வலை. "தொரோதாபோ" பாருங்கள். சேற்று வயலிலிருந்து இடுப்பளவு எழும் ஒற்றைக்கண் கிழவன், "வயலைத் திருப்பிக் கொடு" என்று கத்துகிறான். உழைத்து வாங்கிய நிலத்தை மகன் குடித்து விற்றான் என்று செகியென் எழுதியிருக்கிறார். சேற்று வயலைக் கழியால் அடிப்பது என்ற பழமொழி, ஒரு கவிஞரின் புனைபெயர், எடோவின் கணிகையர் பகுதியான யொஷிவாராவை "வடநாடு" என்று சொல்லும் வழக்கு, இவ்வளவையும் கொண்டுவந்து இது கேலிதான் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். இருக்கலாம். ஆனால் நிலம் இழந்த உழவனின் ஆத்திரம் அந்தப் படத்தில் மூன்று விரல் கையோடு நேரே நிற்கிறது. அதைச் சொல்விளையாட்டு அழித்துவிடாது.

சொல்வலை

ஒப்புக்கொள்கிறேன். தொரோதாபோவில் இரண்டும் இருக்கிறது. சிலேடை வாசிப்பு அங்கே ஊகம்தான், மொக்குமொக்குரெனில் போல எழுத்திலேயே இல்லை. என் குறிப்பில் அந்த வேறுபாட்டைக் காட்டியிருக்க வேண்டும்.

தேன்சிட்டு

குறுக்கிடுகிறேன். செகியெனே தம் மூலங்களைச் சொல்லியிருக்கிறாரே? 1776 நூலின் பின்னுரையில், சீனாவில் ஷான்ஹாய் ஜிங் (விசித்திர உயிர்களைப் பற்றிய பழைய நூல்) இருக்கிறது, நம் நாட்டில் மொத்தொனொபுவின் ஹியாக்கி யாக்யோ இருக்கிறது, அவற்றிலிருந்து கற்று இந்தத் தாளைக் கறையாக்கினேன் என்கிறார். மொத்தொனொபு என்பது கானோ மரபின் பெரிய ஓவியர். 1779 நூலில் பல விளக்கங்கள் 1712இல் வந்த 105 தொகுதிக் கலைக்களஞ்சியமான வகான் சன்சாய் ஸுவேயோடு ஒத்துப்போகின்றன. மூன்று வயதுக் குழந்தை அளவில், செங்கறுப்பு நிறத்தில், நீண்ட காதோடு பிணத்தின் ஈரலைத் தின்னும் மோர்யோ ஒரு உதாரணம். முதல் கட்டத்தை நிரப்ப இந்த மூன்று இடங்களில் தேடினாலே பெருமளவு முடிந்துவிடும்.

கொடிமுல்லை

எழுத்தைப் படிப்பது எப்படி? எனக்கு இன்றைய ஜப்பானிய எழுத்து ஓரளவு வரும். ஆனால் படத்தில் இருப்பது புழு நெளிவது போல இருக்கிறது.

உரைகல்

அது குஸுஷிஜி, கூட்டெழுத்து. 1900க்கு முன் ஒரே ஒலிக்குப் பல வடிவங்கள் புழக்கத்தில் இருந்தன. இன்றைய ஹிரகானா தெரிந்தாலும் போதாது.

முதலில் பேயின் பெயர். அது பெரும்பாலும் படத்தின் மூலையில், சீன எழுத்தில், பக்கத்தில் சிறிய கானாவோடு (ஒலியைக் காட்டும் ஜப்பானிய எழுத்தோடு) இருக்கும். கானாவைத்தான் நம்ப வேண்டும். சீன எழுத்து ஒலிக்குப் பொருந்தாமலே இருக்கலாம். கமயிதாச்சி என்ற காற்றுக் கீரிக்கு அவர் எழுதியது ச்யுங்ச்சி என்ற வேறொரு சீன விலங்கின் எழுத்து. எழுத்தை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் வேறு விலங்காகிவிடும்.

இரண்டாவது, "மிவோ" செயலி. ஜப்பானின் மானுடக் கலைப்புலங்களுக்கான திறந்த தரவு மையம் 2021இல் வெளியிட்டது, இலவசம். படத்தைக் காட்டினால் எழுத்துகளை இன்றைய வடிவில் மேலே போட்டுக் காட்டும். உரை மட்டும் இருக்கும் பகுதியைத் தனியே வெட்டிக் கொடுங்கள். பேயின் முடியையும் புல்லையும் அது எழுத்தென்று எண்ணிவிடும். அது தருவது எழுத்து மட்டுமே, பொருள் அல்ல. சொல் எங்கே முடிகிறது என்று நீங்களே பிரிக்க வேண்டும். அதிர்வொலிக் குறி (இரண்டு சிறு கோடு) பழைய அச்சில் பல இடங்களில் விடுபட்டிருக்கும், அதனால் "க"வா "க்க"வா என்பதையும் நீங்களேதான் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது, கிடைத்த வாசிப்பை ஏற்கெனவே அச்சான பெயர்ப்போடு ஒப்பிடுங்கள். நான்கு நூலுக்கும் சேர்த்து ஆங்கிலப் பெயர்ப்பு 2016இல் டோவர் வெளியீடாக வந்திருக்கிறது.

ஒரே ஒரு எழுத்து தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமாபியே என்ற கடல் யோகாய் உதாரணம். 1846இல் ஹிகோ கடலில் தோன்றி, ஆறாண்டு நல்ல விளைச்சல், கூடவே நோய், என் உருவத்தை வரைந்து காட்டுங்கள் என்று சொன்னதாக ஒற்றைத் தாள் செய்தி அச்சானது. அந்தத் தாள் கியோத்தோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 2020 கொரோனா காலத்தில் ஜப்பானியச் சுகாதார அமைச்சகம் அதன் உருவத்தைச் சுவரொட்டியிலேயே போட்டது. ஆனால் இதே போன்ற செய்திகளில் "அமாபிக்கோ" என்ற பெயர்தான் பலமுறை வருகிறது. கத்தாகனா என்ற கானா வகையில் கோ, ஏ இரண்டும் ஒரு கோட்டில்தான் வேறுபடும். படியெடுத்தவர் கையில் கோ ஏ ஆகிவிட்டது என்பது வலுவான கருத்து.

தேன்சிட்டு

ஒருவர் எனக்குக் காஸு ஹியாக்கி யாக்யோவின் ஒரு தொகுதியை "1776 முதற்பதிப்பு" என்று விலைபேசுகிறார். படங்கள் அனுப்பியிருக்கிறார். பதிப்புக் குறிப்பில் ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் ஆன்யெய் 5 என்றுதான் இருக்கிறது. போதுமா?

மரக்கட்டை

போதாது. ஆன்யெய் ஐந்து 1776தான் (ஆன்யெய் ஆண்டோடு 1771 கூட்டுங்கள், தென்மெய் என்றால் 1780, புன்கா என்றால் 1803, தென்போ என்றால் 1829). கூடவே பத்துத் தண்டும் பன்னிரு விலங்கும் சேர்ந்த அறுபதாண்டுச் சுற்றுப் பெயரும் இருக்கும், நம் பிரபவ முதல் அட்சய வரை போல. ஆன்யெய் 5க்குத் தீயும் குரங்கும் வர வேண்டும். இரண்டும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். ஆனால் இது கட்டை வெட்டிய ஆண்டை மட்டுமே சொல்கிறது, அச்சடித்த ஆண்டை அல்ல.

மலைச்செர்ரிக் கட்டை பல பத்தாண்டு உழைக்கும். பதிப்பாளர் கட்டையையே விற்பார். வாங்கியவர் பழைய பதிப்பாளர் பெயரை மட்டும் உளியால் தோண்டி எடுத்து, அந்தக் குழியில் புதிய மரத்துண்டைச் செருகித் தம் பெயரை வெட்டிக்கொள்வார். ஆண்டு அப்படியே நிற்கும். இந்த நூலுக்கு 1805இல், புன்கா 2இல், மறுபதிப்பு ஒன்று உண்டு. சந்தையில் எதிர்ப்படும்போது முதலில் அதைத்தான் நினைக்க வேண்டும்.

விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்.

பதிப்புக் குறிப்புப் பக்கம் முழுதாக, நேர் வெளிச்சத்தில். பதிப்பாளர் பெயர் மற்ற எழுத்தைவிடக் கறுத்தோ வெளிறியோ, வரிசையிலிருந்து சற்றே சாய்ந்தோ இருந்தால் செருகிய மரம்.

பக்கச் சட்டக் கோட்டின் நான்கு மூலைகளும். புதுக் கட்டையில் மூலை மூடியிருக்கும். அச்சடித்து அடித்து மூலைகள் உடைந்து இடைவெளி விழும். அந்த இடைவெளிகளை நூலகப் படியோடு ஒப்பிட்டால் எது முந்தியது என்று தெரியும். உடைவு கூடுமே தவிர ஒருநாளும் குறையாது.

முதல் தாளின் சட்டத்துக்குள் உயரம், மில்லிமீட்டரில். அச்சிட்ட பக்கத்தையே புதுக் கட்டையில் கவிழ்த்து ஒட்டி மேலே வெட்டும் "கபுசெபோரி" முறையில் செய்த மறுவெட்டு சில மில்லிமீட்டர் சிறுத்துவிடும். கோடும் உயிரிழந்திருக்கும். முடிக்கற்றை தொடங்கும் இடத்தில் தடித்து முனையில் மெலிய வேண்டும். மறுவெட்டில் முழு நீளமும் ஒரே தடிமன்.

வெளிறிய மை. செகியென் 1774 வண்ணப் படநூலில் கட்டையில் மையைத் துடைத்து நிறத்தைப் படிப்படியாகக் குறைக்கும் முறையைக் கையாண்டவர். மங்கல் அவருக்கு முக்கியம். இருட்டும் மூடுபனியும் வர வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தால், செலவைக் குறைக்க வெளிறிய மைக் கட்டையைப் பிற்காலத்தில் விட்டுவிட்டார்களா என்று சந்தேகப்படுங்கள். இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், மற்ற அடையாளங்களோடு சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக மடிப்பில் உள்ள தாள் எண்கள், ஒன்று விடாமல். படம் அழகாக உள்ள தாளை உருவி தனியே விற்றுவிட்டு மீதியைத் தைத்து விடுவது நடக்கிறது. எண் தாவினால் தாள் போயிருக்கிறது. தையல் நூல் புதிதாக, துளை இரண்டு வரிசையாக இருந்தாலும் பிரித்துத் தைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

தேன்சிட்டு

சட்டத்தின் வலது மேல் மூலையில் பெரிய இடைவெளி இருக்கிறது, 7க்குப் பிறகு 9ஆம் தாள் வருகிறது. வாங்கப் போவதில்லை. நன்றி.

கொடிமுல்லை

வாங்கும் வசதி எனக்கு இல்லை. உயர்தரப் படங்கள் இலவசமாக எங்கே?

உரைகல்

ஜப்பானிய தேசிய நாடாளுமன்ற நூலகத்தின் மின்தொகுப்பில் தேடுங்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்தது என்று குறித்த படங்களை அனுமதி கேட்காமலே பயன்படுத்தலாம். வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் புல்வெரர் தொகுப்பு இருக்கிறது, பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து வைத்தால் மரக்கட்டை சொன்ன மூலை உடைவுகளை நீங்களே காணலாம். வாய்மொழி வழக்குக்குக் கியோத்தோவில் நிச்சிபுன்கென் நிறுவனத்தின் தரவுத்தளம், 2002 முதல் இருக்கிறது. பெயரைக் கத்தாகனாவில் இட்டுத் தேடுங்கள், ஊர் வாரியாக வரும். வாய்ராவைத் தேடிப் பாருங்கள், பிறகு கப்பா என்ற நீர்ப்பேயைத் தேடுங்கள். எது ஓவியர் கையில் பிறந்தது, எது ஊரில் பிறந்தது என்பது முடிவுகளின் எண்ணிக்கையிலேயே தெரியும்.

கொடிமுல்லை

முதல் தொகுதியைத் தொடங்கிவிட்டேன். முதல் படத்துக்கு என் குறிப்பு, திருத்துங்கள்:

கொதாமா. இன் தொகுதி. முன்: தெரியவில்லை. படம்: பைன் மரத்தடியில் ஒரு கிழவர், ஒரு கிழவி. எழுத்து: இல்லை. பின்: மரத்தை வெட்டுகிறவனைச் சபிக்கும் ஆவி.

சொல்வலை

எழுத்து இருக்கிறது, மரக்கிளைக்குப் பக்கத்தில் சிறியதாக. "நூறாண்டு மரத்தில் தெய்வம் இருந்து உருக் காட்டும் என்பர்." படத்தில் கிழவர், கிழவி, பைன் மூன்றும் சேர்ந்ததால் தக்காசாகோ நாடகத்தின் பைன்மரத் தம்பதியை நினைத்து வரைந்தது என்றும் இரண்டாம் கட்டத்தில் சேர்க்கலாம். பேய் நூலின் முதல் பக்கத்தில் பேயே இல்லை, திருமணத்தில் பாடும் நாடகத்தின் தம்பதி இருக்கிறார்கள்.

கொடிமுல்லை

பார்த்தேன், இருக்கிறது. கிளை என்று நினைத்துவிட்டேன். மூன்றாம் கட்டத்தைத் திருத்திவிட்டு அடுத்த படமான தெங்குவுக்குப் போகிறேன்.